கொட்டிலில் ஒரு கிரகம்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், கான்டர்பரி நகரை ஒட்டி பிளீன் என்றொரு கிராமம் இருக்கிறது. ஓவியர் பீட்டர் ஃபர்மினின் வீடும் நிலமும் அங்கேதான். அந்த வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டில் மாடில்லாமல் கிடந்தது. 1969-இல் அதற்குள் ஒரு மேசை, சில விளக்குகள், ஒரு 16 மி.மீ. கேமரா. மேசைமேல் பள்ளமும் மேடுமாக ஒரு குட்டிக் கிரகம், ‘கிளாங்கர்கள்’ என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடருக்காக. கேமராவை ஒரு தடவைக்கு ஒரே ஒரு பிரேம் எடுக்கவைக்கும் விசை கடையில் வாங்கியதல்ல, ஃபர்மினின் கூட்டாளி ஆலிவர் போஸ்ட்கேட் தானே செய்துகொண்டது. பொம்மையின் கையை நூலளவு நகர்த்துவார், ஒதுங்கிக்கொள்வார், விசையைத் தட்டுவார். மறுபடி நூலளவு. மறுபடி ஒரு தட்டு.

2015-இல் அதே கிரகத்தை மான்செஸ்டர் பக்கத்து ஆல்ட்ரிங்காமில், ஃபேக்டரி என்ற அனிமேஷன் நிறுவனத்தில் மறுபடி கட்டினார்கள். மறுபடி கம்பளிப் பொம்மைகள். மறுபடி ஒவ்வொரு பிரேமாகக் கையால் நகர்த்தும் வேலை. கணினியில் வரைந்திருக்கலாம், வரையவில்லை. அன்று வேறு வழி இல்லாததால் அப்படிச் செய்தார்கள். 2015-இல் எல்லா வழியும் இருந்தும் அப்படியே செய்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் 46 ஆண்டுகள்.

போஸ்ட்கேட் இந்தத் தொழிலுக்கு நேர்வழியில் வரவில்லை. 1925-இல் பிறந்தவர். தாய்வழித் தாத்தா ஜார்ஜ் லான்ஸ்பரி, தொழிற்கட்சியின் தலைவராக இருந்தவர். அப்பா ரேமண்ட் முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்துச் சிறைக்குப் போனார். மகன் இரண்டாம் உலகப் போரில் அதையே செய்து அதேபோலச் சிறைக்குப் போனார். பிறகு பண்ணை வேலை, போர் முடிந்த ஜெர்மனியில் செஞ்சிலுவைச் சங்கப் பணி, நாடகப் பள்ளி என்று சுற்றிவிட்டு, 1957-இல் அசோசியேட்டட் ரீடிஃப்யூஷன் என்ற தனியார் தொலைக்காட்சியில் மேடை நிர்வாகியாகச் சேர்ந்தார். குழந்தைகளுக்கு அங்கே காட்டுவதைவிட நன்றாகத் தன்னாலேயே எழுத முடியும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிற்காமல் எழுதியும் கொடுத்தார்.

முதல் கதை ஓர் எலியைப் பற்றியது. பதிவு கிடையாது, நேரலை. மேசைமேல் ஓவியப் பின்னணி, அதன்மேல் வெட்டிய அட்டை உருவங்கள். மேசைக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் மேலே எலி நடக்கும். நடக்க வேண்டும். காந்தம் நழுவினால் எலி நட்டநடுவே நின்றுவிடும். அதை மீட்க ஒரு மனிதக் கை நீண்டால் அதுவும் வீடுதோறும் தெரியும். பின்னணி வரையக் கிடைத்தவர்தான் கலைப்பள்ளி ஆசிரியராக இருந்த ஃபர்மின். கொஞ்ச நாளிலேயே போஸ்ட்கேட்டுக்கு நேரலையும் காந்தமும் அலுத்துவிட்டன. நேரலை வேண்டாம், படமாகவே எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். இருவரும் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்துக்கு ஸ்மால்ஃபிலிம்ஸ் என்று பெயர். சின்னப் படங்கள். பெயரில் பொய்யில்லை.

1959-இல் அட்டையில் வெட்டிய ஐவர் என்ற வேல்ஸ் ரயில் எஞ்சின் வந்தது. அதற்குப் பாட ஆசை, சேர்ந்திசைக் குழுவில் இடம் வேண்டும். அதே ஆண்டு பிபிசிக்காக நாகின் என்ற வட நாட்டு அரசனின் கதை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள லூயிஸ் தீவுச் சதுரங்கக் காய்களைப் பார்த்தபோது ஃபர்மினுக்கு அந்த முகங்களில் போர்வெறி தெரியவில்லை, சாதுவான குழப்பம்தான் தெரிந்தது. அதிலிருந்து பிறந்தவன் நாகின்: சண்டை பிடிக்காத அரசன். சிறைக்குப் போய் வந்த ஒருவர் எழுதிய வீரகதை வேறெப்படி இருக்கும்?

வேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஒப்பீட்டில் பலரும் தலைகீழாக எதிர்பார்க்கும் இடம் இது. கொட்டிலில் வேலை ஆமை வேகத்தில் நடந்திருக்கும், இன்று மின்னல் வேகம் என்று நினைப்போம். நடந்தது வேறு. போஸ்ட்கேட்டால் ஒரே நாளில் இரண்டு நிமிடப் படம் எடுக்க முடிந்தது. பிரிட்டன் தொலைக்காட்சியின் கணக்கில் வினாடிக்கு 25 பிரேம். இரண்டு நிமிடம் என்றால் 3,000. அந்நாளைய வழக்கமான அனிமேஷன் கூடங்கள் கொடுத்ததைவிட அது பல மடங்கு. இன்று திரையரங்குக்குக் களிமண் பொம்மைப் படம் எடுக்கும் இடங்களில் ஓர் அனிமேட்டர் ஒரு நாள் முழுக்க உழைத்தால் கையில் நிற்பது சில வினாடிகள்தான். அந்த வினாடிகளில் சட்டை மடிப்பும் கண்ணிமையும் பிசகாமல் அசையும். ஐவர் எஞ்சினோ இடமிருந்து வலமாகப் போகும், அவ்வளவுதான். ஆனாலும் அது எங்கே போகிறது, ஏன் போகிறது என்று பார்க்கிற குழந்தைக்குத் தெரியும்.

இந்த வேகத்துக்கு மாயமந்திரம் எதுவும் இல்லை. முடிவெடுக்க ஒரே ஒருவர் இருந்தார், அவர் கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்றார். அசையத் தேவையில்லாததை அவர் அசைக்கவில்லை. எடுத்தது சரியா என்று பார்க்க அன்று வழியும் இல்லை. பிலிம் சுருள் ஆய்வகத்துக்குப் போய்க் கழுவி வந்த பிறகுதான் தெரியும். இன்று கேமரா கணினியோடு இணைந்திருக்கிறது. முந்தின பிரேம் திரையில் மங்கலாகத் தெரிய, அதன்மேல் புதிய பிரேமைப் பொருத்திப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம். தவறைத் திருத்த முடிகிறபோது திருத்தாமல் விடுவது கடினம். நாள் நீளமாவது அதனாலும்தான்.

கிளாங்கர்களின் பிறப்பே ஒரு தேதிப் பொருத்தம். 1960-களின் இறுதியில் பிபிசி வண்ணத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. வண்ணத்தில் ஒரு தொடர் வேண்டும் என்று கேட்டது. உலகமே நிலவைப் பற்றிப் பேசிய காலம். 1967-இல் வந்த நாகின் புத்தகம் ஒன்றில் விண்கலத்தில் வந்திறங்கும் ஒரு நிலா எலி உண்டு. கலத்துக்கு எரிபொருள் வினிகரும் சோப்புத் தூளும். அந்த எலியை எடுத்துத் தனிக் கிரகத்தில் குடிவைத்தார்கள். வாலை மட்டும் நீக்கினார்கள். இருந்தால் சூப்பில் நனையும் என்பது போஸ்ட்கேட் சொன்ன காரணம். பள்ளங்களுக்குள் வாழும் இந்த உயிர்களின் வீட்டு வாசலை மூடுவது குப்பைத் தொட்டி மூடிபோன்ற ஓர் உலோகத் தட்டு. அதைச் சாத்தும்போது எழும் ‘கிளாங்’ என்ற சத்தமே அவற்றின் பெயர்.

பிபிசியின் முதல் அலைவரிசை வண்ண ஒளிபரப்பைத் தொடங்கிய நாள் 1969 நவம்பர் 15. கிளாங்கர்கள் முதன்முதலில் திரைக்கு வந்தது மறுநாள், 16-ஆம் தேதி. அன்று அப்பல்லோ 12 நிலவுக்குப் போகும் வழியில் இருந்தது. பீட்டரின் மனைவி ஜோன் ஃபர்மின் இளஞ்சிவப்புக் கம்பளி நூலில் பின்னிய அந்தப் பொம்மைகளைப் பெரும்பாலான வீடுகள் பார்த்தது கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான். ஒரு தலைமுறையின் நினைவில் கிளாங்கர்கள் முதலில் சாம்பல் நிறமாகவே இருந்திருக்க வேண்டும். கடைசித் தொடர்க்கதை 1972 நவம்பரில் முடிந்தது. அதற்கடுத்த மாதம் அப்பல்லோ 17 திரும்பியதோடு மனிதரின் நிலவுப் பயணமும் முடிந்தது. புதிய கிளாங்கர்கள் 2015 ஜூன் 15-இல் வந்தன. அதற்கு மறுமாதம் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்து படங்கள் அனுப்பியது. இடைப்பட்ட காலத்தில் கருவிகள் எவ்வளவோ தூரம் போய்விட்டன. ஒரு மனிதர்கூட நிலவுக்குத் திரும்பிப் போகவில்லை.

அந்தக் குட்டிக் கிரகத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். பொம்மையின் உள்ளே எலும்பாக இருந்தது மெக்கானோ, துளையிட்ட தகடுகளை மரையாணி போட்டு முடுக்கிப் பாலமும் பளுதூக்கியும் செய்வார்களே, குழந்தைகளின் அந்த விளையாட்டுச் சாமான்தான். விண்ணில் குப்பைக்கூளத்தால் கூடுகட்டி வாழும் இரும்புக் கோழிக்கும் அதே தகடுகள். கிரகத்தின் அடியில் பச்சை சூப் ஊறும் கிணறுகள். காவலுக்கு சூப் டிராகன் என்ற தாயுள்ளம் கொண்ட ஒரு பிராணி. இசை காய்க்கும் மரங்கள். சுருதிக் காய்களைப் பறித்து வைத்துக்கொள்ளலாம், விண்கலத்துக்கு எரிபொருளாகவும் போடலாம். விண்வெளிக் கதை என்றால் லேசர் துப்பாக்கி என்று இருந்த நாளில், வேற்றுக்கிரகத்தாருக்கு ஒரு குடும்பத்தைக் கொடுத்து, அந்தக் குடும்பத்துக்கு இரவுச் சாப்பாட்டைக் கொடுத்தவர் போஸ்ட்கேட். அவர் எழுதியதை அறிவியல் புனைவு என்று சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு. வேற்றுக்கிரகத்தார் நம்மைக் கண்டு என்ன நினைப்பார்கள் என்பதுதான் அந்த வகை எழுத்தின் பழைய கேள்வி என்றால், கொட்டிலில் இருந்து வந்த பதில் மற்ற பலரின் பதிலைவிட நிதானமானது.

அவற்றின் பேச்சுதான் எல்லாவற்றிலும் நுட்பம். கிளாங்கர்களுக்குச் சொல் கிடையாது, விசில் மட்டும். ஸ்வானி விசில் என்ற ஊதுகுழலின் உள்ளே ஒரு தண்டு ஏறி இறங்கும். தண்டை இழுத்தால் ஒலி தாழும், தள்ளினால் உயரும். ஏதோ ஊதினால் போதும் என்று அவர்கள் விடவில்லை. ஒவ்வொரு வசனத்தையும் முழு ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டார்கள். அந்த வாக்கியம் கேள்வியா, கெஞ்சலா, சலிப்பா என்று பார்த்து, அதன் ஏற்ற இறக்கத்தைத் தண்டில் கொண்டுவந்தார்கள். போஸ்ட்கேட்டும் ஸ்டீஃபன் சில்வெஸ்டரும் ஊதினார்கள். ஒரு கதையில் கதவு திறக்காமல் சிக்கிக்கொள்ள, மேஜர் கிளாங்கர் எரிச்சலில் ஒரு கெட்ட வார்த்தை சொல்வதாக எழுதியிருந்தது. பிபிசியிலிருந்து ஆட்சேபம் வந்தது. வெறும் விசில்தானே என்று போஸ்ட்கேட் கேட்டாராம்; கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும் என்றார்களாம். தொழில் தெரிந்தவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இன்னொன்று: ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் கூட்டம் ஒன்றில், விவரிப்புக் குரல் இல்லாமல் விசிலோடு மட்டும் படத்தைப் போட்டுக் காட்டினார். ஜெர்மன்காரருக்கு அவை சுத்தமான ஜெர்மன் பேசின. ஸ்வீடன்காரர் மறுத்தார், பேசியது ஸ்வீடிஷ்தான் என்று. இவற்றைப் போஸ்ட்கேட் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்லக் கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். கதைசொல்லி என்றால் அப்படித்தான்.

இசைக்கு வெர்னான் எலியட் என்ற பசூன் கலைஞர். போஸ்ட்கேட்டுக்கு முறையாக இசைக்குறிப்பு எழுத வராது. எந்த இடத்தில் என்ன உணர்வு, எவ்வளவு நேரம் என்று வரைபடம்போலக் கோடிழுத்துக் கொடுப்பார். எலியட் அதைப் பார்த்து இசையமைப்பார். இன்றைய தொடருக்கு ஜான் டு பிரெஸ் இசை, பெரிய படங்களுக்கு இசையமைத்துப் பழகிய கை. நன்றாகவே இருக்கிறது. எலியட்டின் அந்த நாலைந்து வாத்தியத் தனிமைதான் இல்லை.

இனி, போஸ்ட்கேட்டையும் ஃபர்மினையும் யார் நம்பிப் பணம் கொடுத்தார்கள் என்பது. போஸ்ட்கேட் பின்னாளில் விவரித்தது இது. ஆண்டுக்கு ஒரு தடவை பிபிசிக்குப் போவார்கள். எடுத்த படங்களைக் காட்டுவார்கள். நன்றாயிருக்கிறது, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பார்கள். சொன்னதும், ஒன்றரை ஆண்டு கழித்து ஒளிபரப்புவதாகக் குறித்துக்கொண்டு, கொஞ்சம் முன்பணமும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நடுவில் யாரும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. ஒப்பந்தமே அவ்வளவுதான். நாட்டில் மூன்றே மூன்று அலைவரிசைகள் இருந்த காலம் அது; குழந்தைக்குப் பிடிக்காவிட்டால் போக வேறிடம் அதிகம் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நம்பிக்கைக்கு அந்த ஏகபோகமும் ஒரு காரணம்.

அந்த நம்பிக்கையின் மேல்தான் ‘பேக்பஸ்’ எழுந்தது. 1974 பிப்ரவரியில் வந்த தொடர். மொத்தமே 13 கதைகள். எமிலி என்ற சிறுமியின் கடை. எதையும் விற்காத கடை. தொலைந்த, உடைந்த பொருள்களை அவள் கொண்டுவந்து வைப்பாள். பழுப்பேறிய பழைய புகைப்படம்போலத் தொடங்கும் காட்சியில், தொளதொளத்த ஒரு துணிப்பூனை கொட்டாவி விட்டு விழித்துக்கொள்ளும். அது விழித்ததும் கடைக்கு வண்ணம் வந்துவிடும். பொம்மைகள் கூடிப் பேசி, அந்தப் பொருள் என்னவென்று கண்டுபிடித்துச் சரிசெய்து, உரியவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சன்னலில் வைக்கும். பூனை மறுபடி உறங்கும், வண்ணம் வடியும். எமிலியாக நடித்தவள் ஃபர்மினின் ஆறு மகள்களில் ஒருத்தி, பெயரும் எமிலிதான். மரங்கொத்தி வடிவப் புத்தகத் தாங்கியான பேராசிரியர் யாஃபிளின் உலர்ந்த குரலுக்கு முன்மாதிரி தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். இதெல்லாம் குழந்தைகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரியாமலேயே பிடித்திருந்தது. 1999-இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில், மக்களுக்கு மிகப் பிடித்த குழந்தைகள் நிகழ்ச்சியாக வந்தது இந்த 13 கதைத் தொடர்தான்.

அந்த முடிவு வந்தபோது ஸ்மால்ஃபிலிம்ஸ் படமெடுப்பதை நிறுத்திப் பத்தாண்டுக்கும் மேலாகியிருந்தது. 1984-இல் ஒரு பொம்மை வீட்டுக் கதை, 1986-இல் ‘பின்னியின் வீடு’, அதோடு சரி. 1987-இல் நடந்ததைப் போஸ்ட்கேட் கசப்போடு எழுதியிருக்கிறார். இனிமேல் நிகழ்ச்சிகளைப் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்துத்தான் எடைபோடுவோம் என்று பிபிசி தெரிவித்ததாம். அதோடு, குழந்தையைப் பெட்டியின் முன் உட்காரவைக்கச் சில வினாடிகளுக்கு ஒரு தடவை ஒரு திடுக்கிடல், ஒரு கொக்கி வேண்டும் என்று அமெரிக்க ஆய்வு சொல்வதாகவும் சொன்னார்களாம். பேக்பஸ் கொட்டாவி விடுவதற்கே சில வினாடிகள் ஆகும். கொக்கியில்லாத படங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. ஆண்டுக்கொரு தடவை நடந்த அந்தச் சந்திப்பு நின்றது. அதே 1987-இல் கென்ட் பல்கலைக்கழகம் போஸ்ட்கேட்டுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது; அது உண்மையில் பேக்பஸுக்குக் கொடுத்தது என்றார் அவர். பூனைக்கும் பட்டமளிப்பு அங்கி போட்டார்கள்.

அவர் படத்தோடு மட்டும் நின்றவர் இல்லை. அணு ஆயுதத்துக்கு எதிராகப் பேசினார், எழுதினார். கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டின் வாழ்வையும் மரணத்தையும் 50 அடி நீளத்துக்கு வரைந்தார். 2000-இல் தன்வரலாறு எழுதினார். 2008 டிசம்பர் 8-இல், கென்ட் கடற்கரை ஊரான பிராட்ஸ்டேர்ஸில், 83 வயதில் காலமானார். ஆனால் 62 வயதிலிருந்து அவரிடம் புதிய படம் எதுவும் கேட்கப்படவில்லை என்பது என்னை உறுத்துகிறது. கை தேர்ந்த தச்சனுக்கு உளி கூர்மையாக இருக்கும்போதே வேலை நின்றுபோனதுபோல.

கொட்டிலின் குடும்பங்களிடமே திரும்ப வந்தார்கள் இன்றைய ஆட்கள். ஆலிவரின் மகன் டேனியல் போஸ்ட்கேட், தானும் எழுத்தாளர், ஓவியர். புதிய கிளாங்கர் தொடரின் பின்னால் நின்றவர்களில் ஒருவர், கதைகளும் எழுதினார். பீட்டர் ஃபர்மின் 86 வயதில் வடிவமைப்பை மேற்பார்த்தார். முந்தின ஆண்டுதான் பாஃப்டா அவருக்குச் சிறப்பு விருது கொடுத்திருந்தது. புதிய தொடரும் 2015-இலேயே பாஃப்டா விருதை வாங்கியது.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இன்றைய காலம் தாராளமானது. பழைய கிளாங்கர்கள் மூன்றாண்டில் 26 கதைகள், ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிடம். கூடவே 1974 பொதுத் தேர்தல் நாளன்று ஒரு தனிக்கதை. அதில் விவரிப்பாளர் கட்சி, வாக்கு, தேர்தல் எல்லாவற்றையும் விளக்கப் படாதபாடு படுவார், கிளாங்கர்கள் கேட்டுவிட்டு அதெல்லாம் வேண்டாம் என்றுவிடும். புதியதன் முதல் தொகுதியே 52 கதைகள், ஒவ்வொன்றும் 11 நிமிடம். பழையது இருவரின் பணி. புதியதை ஸ்மால்ஃபிலிம்ஸோடு வேறு நிறுவனங்களும், அட்லாண்டிக்கின் இருபுறத்து அலைவரிசைகளும் சேர்ந்து எடுத்தன. பிரிட்டனில் மைக்கேல் பேலின் குரல்; அமெரிக்காவில் வில்லியம் ஷாட்னர், ‘ஸ்டார் ட்ரெக்’கின் கேப்டன் கிர்க். விண்வெளியில் சூப் குடிக்கும் குடும்பத்தின் கதையை விண்கலத் தலைவரே சொல்கிறார். போஸ்ட்கேட் இதைக் கேட்டால் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பழையதை மட்டும் தூக்கிப்பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஜோன் ஃபர்மின் ஆறு பிள்ளைகளை வளர்த்தபடி, வீட்டு வேலைக்கு நடுவில் அந்தப் பொம்மைகளைப் பின்னினார். அதை அழகான குடும்பக் கதையாகச் சொல்லலாம். கணக்கில் வராத உழைப்பு என்றும் சொல்லலாம். இன்று பொம்மை செய்வது தனிப் பிரிவு. செய்பவருக்குச் சம்பளம், வேலை நேரம், முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் ஓர் இடம். சின்னப் பிள்ளைகளுக்கென்றே பிபிசியில் தனி அலைவரிசை 2002-இலிருந்து இருக்கிறது. ஒருவர் உடல்நலம் கெட்டால் தொடர் நிற்காது. இவை சின்ன லாபங்கள் அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பழையதில் ஒரு கதையும் புதியதில் ஒரு கதையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். புதியதில் கம்பளியின் ஒவ்வோர் இழையும் தெரிகிறது. நிழல் சரியாக விழுகிறது. இரும்புக் கோழியின் துரு பார்க்கத் துருபோலவே இருக்கிறது. பேலின் அன்பானவர், அவர் சிரித்துக்கொண்டே பேசுவது குரலிலேயே தெரிகிறது. பழையதில் பின்னணி வானம் தொங்கவிட்ட துணி என்று சொல்லாமலே தெரியும். ஒரு காட்சியில் கிளாங்கர் நிற்கும் இடம் பிரேமுக்குப் பிரேம் மயிரிழை ஆடுகிறது. போஸ்ட்கேட்டின் குரலோ நமக்குக் கதை சொல்வதாகவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சன்னல் வழியே பார்ப்பதைத் தனக்குள் முணுமுணுப்பதுபோல இருக்கிறது. நடுவில் பேச்சே இல்லாத ஓர் இடம் வந்தது. சின்ன கிளாங்கர் ஒன்று எதையோ பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை; ஆனால் நீளம். புதியதில் அப்படி ஓர் இடத்தைத் தேடினேன். இருந்தது, கொஞ்சம் சின்னதாக. இருந்ததே பெரிது என்றுதான் சொல்வேன், வெட்டச் சொல்ல எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால்.

ஃபர்மின் 2018 ஜூலையில் போனார், 89 வயதில். அதற்கு இரண்டாண்டு முன், 2016-இல், லண்டன் பெத்னல் கிரீனில் அப்போது இருந்த குழந்தைப்பருவ அருங்காட்சியகம் ஸ்மால்ஃபிலிம்ஸின் பொருள்களைக் காட்சிக்கு வைத்தது. கொட்டிலில் வேலை முடிந்ததும் பெட்டியில் போட்டு மூடிய பொம்மைகள் கண்ணாடிக்குள் போயின.

பேக்பஸ் பூனையின் துணியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டேன். ஃபர்மின் மனத்தில் இருந்தது ஆரஞ்சுக் கோடு போட்ட சாதாரணத் தெருப்பூனை. அப்படித்தான் துணிக்குச் சாயம் ஏற்றச் சொல்லியிருந்தார். சாயத்தில் ஏதோ பிசகு. துணி இளஞ்சிவப்புக் கோடுகளோடு வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பிக்கொண்டிருக்காமல் அதிலேயே பூனையைத் தைத்தார். இன்று கடைகளில் பேக்பஸ் பொம்மை கிடைக்கிறது. அத்தனையிலும் இளஞ்சிவப்புக் கோடு. அந்தச் சாயப்பிழையை ஒரு சாயல்கூட மாறாமல் தொழிற்சாலைகளில் கவனமாகப் பார்த்துப் பார்த்து அச்சிடுகிறார்கள்.